சின்னப் பிரசங்கியாருக்கு ஒரு ரிப்போர்ட்

சேலையூர்,
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ஜாய்சனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையாலும் உன் மனைவி யூனிஸ் போடுகிற அதட்டலாலும் இங்கே எல்லாரும் சுகமாகவே இருக்கிறோம். உன் சுகத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை, மஸ்கட் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ நிற்கிற போட்டோவை ஸ்டேட்டஸில் பார்த்துத் திருப்தி அடைந்தோம். இந்தக் காலத்தில் எந்த அப்பன் காகிதத்தில் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். என்ன செய்வது, உன்னிடம் இருப்பது ஒரு விசித்திரமான போன். தாம்பரத்து மழை, என் மூட்டு வலி, மாமா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டை எல்லாம் அதில் கணீரென்று கேட்கிறது, ஆபேலை டாக்டரிடம் காட்டினோம் என்று ஆரம்பித்த உடனே 'அப்பா, சிக்னல் இல்லப்பா, கட் ஆவுது' என்கிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் மட்டும் வருவதில்லை. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம் பார். மறைமலை நகர் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த முனிரத்தினம் தன் மகளைப் பார்க்க வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு டீ கொடு, சர்க்கரை இல்லாமல்.

முதலில் உன் மகன் ஆபேலின் புகழைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை வயதில் சேலையூரில் இவ்வளவு பேர் வாங்கினவன் வேறு யாரும் கிடையாது, உனக்கு வீடியோவில் வந்தது பாதிக் கதைதான். போன வருஷம் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் நம் ஜீவானந்தம் அண்ணன், இருபத்தைந்து வருஷமாக ஞாயிறு பள்ளியையும் மைக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற அதே மனுஷர், இவனை ஒரு நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினார். முந்தின வாரத்துப் பிரசங்கத்தை எடுத்தான் பார், பதினோரு நிமிஷம், அதே பாஸ்டர் குரல், அதே இருமல், நடுவில் அவர் 'அந்தப் பக்கத்து ஃபேனைக் கொஞ்சம் போடுங்க' என்று சொன்னது உட்பட. அதோடு விட்டானா, கடைசியில் பாஸ்டர் சபைக்கு அறிவிப்பாக வாசித்த கல்யாண ஓலையையும் வாசித்தான். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு தகப்பன்மார் பெயர், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்பது வரை ஓர் எழுத்து தப்பவில்லை. ஃபேன் போடச் சொன்ன இடத்தில் ஒருவர் நிஜமாகவே எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார். பெண்கள் அழுதார்கள், அபிஷேகம் என்றார்கள், சின்னப் பிரசங்கியார் என்று பட்டம் கொடுத்தார்கள், கூடவே ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் இவன் முன்னால் வரிசை. மகளுக்கு விசா வரவில்லை என்று ஒருவர், சுகர் இறங்கவில்லை என்று இன்னொருவர், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு 'தம்பி, கை வச்சு ஜெபம் பண்ணு' என்று நிற்கிறார்கள். இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், ஆவியானவர் இறங்குகிறார் என்று வரிசையில் இன்னும் நாலு பேர் கூடுவார்கள். அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பன்தான். எனக்கு முன் பெஞ்சில் இடம் கொடுத்திருந்தார்கள், கால் தரையில் பாவவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் இவன் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். நம் மனையே ஒரு காலத்தில் அவர்கள் கத்தரிக்காய் போட்ட நிலம், அதனால் கேட்காமல் உள்ளே வருகிற உரிமை அந்த அம்மாவுக்கு இன்றும் உண்டு, சொல்லக்கூடாததைச் சொல்கிற உரிமையும் உண்டு. இவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் கதவில் என் கையை வைத்தான். தண்ணீர் வேண்டுமாம். பச்சையம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'இன்னா சார் நீ, சர்ச்சுல அம்மாம் பேச்சு பேசுதுன்ற, ஒரு வாய் தண்ணி குடுன்னு கேக்கத் தெர்லயே புள்ளைக்கு, உன் கையக் கம்பாட்டம் புடிச்சி இஸ்துகினு போவுது, டாக்டராண்ட காட்டாம கூட்டம் சேத்துகினு கீறியே' என்றது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சபைக் காரியம் இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். பதினோரு நிமிஷம் பேசுகிறவன் ஒரு தரமாவது என்னைத் தாத்தா என்று கூப்பிட்டிருக்கிறானா? உன் பெயர் என்ன என்று கேட்டால் 'உன் பெயர் என்ன' என்று அதே குரலில் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். யூனிஸ் ஒன்றரை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த திமிர் என்று அவள் வாயை அடைத்தது நான், நீ, உன் அம்மா ஈவ்லின், மூன்று பேரும் சேர்ந்துதான். அந்த ஒன்றரை வருஷத்தைப் பிள்ளையிடமிருந்து நாம்தான் பிடுங்கினோம்.

விஷயம் வெளியே கசிந்ததும் இலவச வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய் என்றார் ஒருவர். யூனிஸ் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி என்றார் உன் பெரியம்மா, அவள் வீட்டில் இருந்திருந்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றிருப்பார், அந்த வசனமும் தயாராகத்தான் இருந்திருக்கும். மொபைல் காட்டாதீர்கள் என்று ஒரு நாளைக்கு ஏழு ஃபார்வர்டு அனுப்புகிறார், அவர் கண்ணை மொபைலிலிருந்து எடுத்தே நாள் கணக்காகிறது. ஆனால் எல்லாரையும் மிஞ்சின வைத்தியன் நீதான் ராஜா. போன மாதம், பிள்ளைக்குப் பேச்சு வருமாம் என்று ஒரு டப்பா ஒட்டகப் பால் பவுடர் கொடுத்தனுப்பினாய். ஆபேல் மூடியை மோந்து பார்த்துவிட்டு டப்பாவைக் கொண்டுபோய்ச் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டான். வீணாகப் போகிறதே என்று நான் டீயில் கலந்து குடித்தேன், அடுத்த இரண்டு நாள் கதையை எழுதினால் முனிரத்தினம் டீ குடிக்க மாட்டார். அது கிடக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம். 'புள்ளைக்கு ஒண்ணும் இல்லப்பா, நானும் லேட்டாதான் பேசினேன், இப்ப நல்லா இல்லையா, ரிப்போர்ட் அது இதுன்னு முத்திரை குத்தாதீங்க' என்று யூனிஸிடமும் என்னிடமும் அடித்துச் சொல்கிறாயே, ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு மருந்து எதற்கடா அனுப்பினாய்?

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். யூகேஜி டைரியில் வாரம் ஒரு குறிப்பு, உட்காருவதில்லை, மணி அடித்தால் அலறுகிறான், கேள்வியையே பதிலாகச் சொல்கிறான் என்று. கடைசியாகப் பிரின்சிபல் ஹேமாவதி மேடம் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி மலர் என்று அவர் தலைக்குப் பின்னால் சுவரில் பெரிதாக எழுதி ரோஜாப்பூ வரைந்திருக்கிறது. அந்த ரோஜாப்பூவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, 'சார், ஆபேல் வெரி பிரில்லியன்ட், பட் எங்க செட்டப்புக்கு சூட் ஆக மாட்டான், ஜனவரியில ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட் லிஸ்ட் போடறதுக்குள்ள வேற ஸ்கூல் பாத்துக்குங்களேன்' என்றார். டாக்டர் ரிப்போர்ட் வாங்கி வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்று யூனிஸ் கேட்டாள். 'ரிப்போர்ட் வந்துட்டா ஸ்பெஷல் ஸ்கூல்தானே மா பெஸ்ட்' என்றார். புரிந்ததா? ரிப்போர்ட் இல்லையென்றால் அடங்காத பிள்ளை, வெளியே. ரிப்போர்ட் இருந்தால் ஆட்டிசப் பிள்ளை, அப்போதும் வெளியே. யூனிஸ் கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எனக்குத்தான் கம்பெனிப் புத்தி வந்தது. முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் நான், அளவுக்கு வராத பீஸைச் சும்மா ஓரமாகத் தூக்கிப் போட முடியாது, என்ன குறை, யார் பார்த்தது என்று ரிஜெக்ட் ஸ்லிப் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஒதுக்க முடியும். இரும்புத் துண்டுக்கே அந்த மரியாதை உண்டு. சரி மேடம், நீங்கள் சொன்னதை அப்படியே லெட்டர்ஹெட்டில் காரணத்தோடு எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள், நாங்கள் போகிறோம் என்றேன். அவ்வளவுதான், மேடம் முகத்தில் ரோஜாப்பூ வாடிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக்கூடாதென்று சட்டம் இருப்பது அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். உடனே காபி வந்தது. 'டென்ஷன் ஆகாதீங்க சார், ரிப்போர்ட்டும் அவனுக்கு என்னென்ன சப்போர்ட் வேணும்ங்கறதையும் டிசம்பருக்குள்ள குடுங்க, மேனேஜ்மென்ட்ல பேசறேன்' என்றார். ஆக இன்றைக்கு ஆபேலின் ஒன்றாம் வகுப்பு சீட் அந்த ஒரு ரிப்போர்ட்டில் தொங்குகிறது, நினைவில் வைத்துக்கொள்.

கீழ்க்கட்டளையில் தேவதர்ஷினி என்று ஒரு டாக்டர், பிள்ளைகளின் வளர்ச்சி பார்க்கிறவர், நம் யூனிஸைவிடச் சின்னப் பெண். இரண்டு நாள் மணிக்கணக்கில் ஆபேலோடு தரையில் உட்கார்ந்து பார்த்தார். ஆட்டிசம்தான் என்றே தெரிகிறது, ஆனால் அம்மாவிடம் கேட்டதைப் போல அப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் முடிவாக எழுதுவேன் என்றார். இது காய்ச்சல் மாதிரி இறங்கிப் போகிற சீக்கு அல்ல, அவனுடைய வார்ப்பே அப்படி, மணிச் சத்தத்துக்கு முன்னால் வெளியே கூட்டிப்போக ஓர் ஆள், பேச்சுக்குப் பயிற்சி, வாரத்தில் சில மணி சிறப்பாசிரியர், இதெல்லாம் கிடைத்தால் மற்றப் பிள்ளைகளோடு தாராளமாகப் படிப்பான் என்றார். உனக்கு இரண்டு தரம் வீடியோ காலுக்கு நேரம் கொடுத்தார், ஒரு தரம் மீட்டிங் என்றாய், ஒரு தரம் சிக்னல். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினேழாவது கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. யூனிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கம்பீரமாக இல்லை என்று எழுதும்மா என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். இவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான் டாக்டர், சாதமும் குழம்பும் ஒட்டினால் தட்டைத் தள்ளிவிடுவான், கம்பெனியிலிருந்து நான் கொண்டு வருகிற வாஷரை எல்லாம் அளவுவாரியாக ஹால் முழுக்க அடுக்குவான், யாராவது ஒன்றை மிதித்தால் தொலைந்தது, நான்தான் சரி பண்ணினேன், இன்றைக்கு மஸ்கட்டில் பைப்லைன் டிராயிங் போடுகிறான் என்று பெருமையடித்தேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'எப்படி சார் சரி பண்ணீங்க?' என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பதிலை நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை ஜீவானந்தம் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள் ஏலம், உனக்குத்தான் தெரியுமே, பூசணிக்காயும் வாழைத்தாரும் காலைக் கட்டின சேவலுமாக மேஜை நிறைய, அண்ணன் கையில் மைக், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ். 'ஒரு தரம்' என்று அவர் கத்தினதும் ஆபேல் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டான். சின்னப் பிரசங்கியார் இப்படிச் செய்யலாமா? நாலு பேர் குனிந்து காலைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறார்கள், யூனிஸ் வேண்டாம் வேண்டாம் என்று அவர்கள் கையைத் தட்டிவிடுகிறாள். அண்ணன் மைக்கிலேயே சொன்னார், 'ஐசக் சார், இழுத்து பாக்ஸ் பக்கத்துல நிறுத்துங்க சார், பழகிடும், அன்னிக்கு நம்ம ஜாய்சன நீங்க அப்படித்தான பழக்குனீங்க, எப்படி மாறிட்டான்!' என்று. சபையே என்னைப் பார்த்துச் சிரித்தது, பாராட்டுகிற சிரிப்பு.

உனக்கு அப்போது ஆறு வயது. இதே பண்டிகை, இதே பெஞ்சு. உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்து, ஸ்பீக்கர் பாக்ஸை ஒட்டி நிறுத்தி, ஏலம் முடிகிற வரை தோளை அழுத்திப் பிடித்திருந்தேன். நீ கத்தினாய், பிறகு டிராயர் நனைந்தது, பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாய். பார்த்தீர்களா, அடங்கிவிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன், முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அதற்குப் பிறகு நீ என் முன்னால் அழுததே இல்லை. அதையும் பெருமைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் பார். ஞாயிற்றுக்கிழமை நான் இழுக்கவில்லை. என் மூட்டு வலியோடு, வெள்ளை வேட்டியோடு, தரையில் உட்கார்ந்து மெல்ல நகர்ந்து அந்தப் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். மேலே சேவலை ஏலம் விடுகிறார்கள், கீழே ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் பேரனோடு படுத்திருக்கிறார், சபைக்கு நல்ல வேடிக்கை. அவன் கை மேல் என் கையை வைத்து அவன் காதைப் பொத்தினேன். என் காதைப் பொத்த ஆளில்லை. அங்கே கிடந்துதான் கேட்டேன் ஜாய்சா, அந்தச் சத்தம் எப்படி இருக்கிறதென்று. பெஞ்சுக் கட்டை அதிருகிறது, பல் கூசுகிறது, நெஞ்சுக்குள் அடிக்கிறது. அந்தப் பெஞ்சிலிருந்து எட்டடி முன்னால், பாக்ஸை ஒட்டியே ஆறு வயசுப் பிள்ளையை ஒரு மணி நேரம் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நல்லா இருக்கிறேன் என்கிறாயே, நீ நல்லா இருக்கிறது என்னால் அல்ல. என்னையும் மீறி நல்லா இருக்கிறாய். என்னை மன்னித்துவிடு என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நீயும் சிக்னல் இல்லை என்பாய், அதனால் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

நேற்றுக் காலையில் தனியாக பஸ் ஏறிக் கீழ்க்கட்டளைக்குப் போய் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். பதினேழாவது கேள்வியில் இல்லை என்பதை அடித்துவிட்டு, 'உண்டு. பிள்ளையின் தகப்பன் ஜாய்சன். ஆறு வயதில் சத்தத்துக்கு முன்னால் நிறுத்தி நான் பழக்கியதாகச் சொன்னது தவறு. அவன் பழகவில்லை, அழுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்' என்று எழுதினேன். வாழ்நாளில் எத்தனையோ ஸ்லிப் எழுதியிருக்கிறேன், குறை பார்க்கிற ஆள் மேலேயே குறை என்று எழுதினது இதுதான் முதல் தடவை. தேதி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மற்றபடி வீட்டு விசேஷம், உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது மூலையில் இருக்கிற ஒட்டடை எல்லாம் தெரிகிறதாம், வேலைக்காரம்மா பாடு பேஜார். பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த படம் போட்ட அட்டைகளில் தண்ணீர் டம்ளர் அட்டையை ஆபேல் போன வாரம் முதல் முறையாக எடுத்துக் கையில் கொடுத்தான். யாரிடம் தெரியுமா, பச்சையம்மாவிடம். அந்த அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். யூனிஸ் மெலிந்துவிட்டாள், அவளிடம் இனி ரிப்போர்ட் வேண்டாம் என்று சொல்லாதே, முடிந்தால் நீ சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுது. ஒட்டகப் பால் இனிமேல் அனுப்பாதே, நான் மட்டும்தான் குடிக்கிறேன்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக, அந்த வெயிலில் தலைக்குத் தொப்பி இல்லாமல் சைட்டுக்குப் போகாதே, உனக்கும் உன் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, உன் ஊர் நேரம் மதியம் இரண்டரை மணிக்கு டாக்டர் வீடியோவில் கூப்பிடுவார், மூன்றாவது தரம். டிசம்பருக்கு முன் அவருக்கு வேறு நேரம் இல்லை. உன்னிடமும் அதைத்தான் கேட்பார், உங்களை எப்படி சார் சரி பண்ணாங்க என்று. எனக்கு வராத பதில் உனக்கு வரும். நான் இருக்கிறேனே என்று பார்க்காதே, நான் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆபேலின் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பழக்கிவிட்டதாகச் சொல்லித் திரிந்த
அப்பா ஐசக்.